தாய்மையும் பொதுத்தொண்டும்: கடலூர் அஞ்சலையம்மாள்

தாய்மை எய்திய பெண்ணைக் கல்விக்கும் பணிக்கும் ஆகாதவள் என ஒதுக்கும் எண்ணம் இன்னும் நம்மிடையே மறைந்தபாடில்லை. அவ்வெண்ணம் பிழையென்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. நம் கடலூர் மண்ணே ஒரு சான்றினை ஈன்றிருக்கிறது.

கடலூர் முதுநகரில் 1890-ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தவர் அஞ்சலையம்மாள். ஐந்தாம் வகுப்பளவே பயின்றவர். கணவர் முருகப்பாவின் துணையோடு 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1927-இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரிய அறப்போரில், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவுடன் பங்கேற்றுச் சிறை புகுந்தார். லீலாவதி எனக் காந்தியடிகளால் பெயரிடப்பெற்று, வார்தாவில் வளர்ந்தவர் அச்சிறுமியே.

1930-களின் தொடக்கத்தில், கருவுற்றிருந்த நிலையிலேயே அம்மையார் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பெற்றார். மகப்பேற்றுக்கெனச் சின்னாள் மட்டும் வெளியே விடப்பெற்றார். பிள்ளை பிறந்ததும், பச்சிளங் குழவியை ஏந்திய கையோடு மீண்டும் சிறைக்கே திரும்பினார். அம்மகனுக்கு ஜெயில்வீரன் என்பதே பெயராயிற்று.

சிறையும் பேறும் அவர் தொண்டினைக் குறைத்தனவா? இல்லை. 1937-இலும் 1946-இலும் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பரங்கிப்பேட்டையை அடுத்த தீர்த்தாம்பாளையத்து மக்கள் நீரின்றி வாடியபோது, வீராணம் கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால் வரச்செய்தார். அஃது அஞ்சலை வாய்க்கால் என்றே வழங்கலாயிற்று. சிதம்பரத்தை அடுத்த சி.முட்லூரில் மகனுடன் வாழ்ந்து, 1961-இல் மறைந்தார்.

மகப்பேற்று நலச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1961-இல்தான். முதல் கருவுற்றதும் விமானப் பணிப்பெண்ணை வேலையினின்று நீக்கும் விதியை உச்ச நீதிமன்றம் 1981-இல் செல்லாதென்றது. ஆய்வு மாணவியர்க்கு 240 நாள் வரை விடுப்பளிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் வழிசெய்தது. ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு 2017-இல் 26 வாரமாயிற்று.

சட்டம் வந்தும் மனம் மாறவில்லை. விடுப்பைச் சலுகையெனக் கருதுவதும், கருவுற்ற மாணவியின் படிப்பை முடிந்ததெனக் கொள்வதும் ஆங்காங்கே தொடரவே செய்கின்றன. அம்மையார் பொறுத்த துன்பத்தை அளவுகோலாக்கி, எல்லாப் பெண்களும் அவ்வாறே பொறுக்கவேண்டும் என்பது முறையன்று. பிள்ளை பெற்ற பெண்ணின் ஆற்றல் குன்றுவதில்லை. குன்றுவது அவளுக்கு இடமளிக்க மறுக்கும் நம் நெஞ்சமே. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் அவ்விடத்தை அளிப்பது ஆசிரியர், பெற்றோர், சமுதாயப் பெரியோர் அனைவர்தம் கடன். அஞ்சலையம்மாளுக்கு நாம் செலுத்தத்தகும் நன்றியும் அதுவேயாம்.