காட்டன் கண்ட நீர்வழி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஆழத்தை இயற்கையே அளித்துவிட்டது. அதன் கரையில் வாழும் எனக்கு, நீருக்கு வழி வெட்ட முயன்றவர்களின் வரலாற்றில் எப்பொழுதும் தனி ஈடுபாடு உண்டு. அவர்களுள் சேர் ஆர்தர் காட்டனின் வாழ்வு என்னைப் பெரிதும் கவர்ந்தது. அவருடைய வெற்றிகளைவிட ஒரு தோல்வியே கவர்ந்தது எனலாம்.

1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்த காட்டன், 1821இல் சென்னைக்கு வந்து படைப் பொறியியலாளராய்ப் பணியாற்றலானார். மறு ஆண்டே பாம்பன் கடல்வழியை அளந்தறிய அனுப்பப்பட்டார். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் செல்லும் பெருங்கப்பல்கள் அன்று இலங்கையைச் சுற்றியே சென்றன. இன்றும் அவ்வாறே செல்கின்றன.

பின்னர் காவிரி நாட்டில், ஆற்று மணலின்மேல் அடித்தளமிடும் உத்தியைக் கல்லணையிலிருந்தே கற்றுக்கொண்டார். 1836இல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் எழுந்தன. அணைக்கட்டு என்ற நம் சொல் ஆங்கிலப் பொறியியலிற் புகுந்து அனிகட் ஆனது நமக்கு ஒரு சிறு பெருமைதான். 1847இல் தவளேசுவரத்திற் கோதாவரி அணையைத் தொடங்கி 1852இல் முடித்தார். பஞ்சமும் புயலும் வாட்டிய அந்நிலம் நெற்களஞ்சியமாயிற்று. அங்குள்ள மக்கள் இன்றும் அவருக்குச் சிலையெடுத்துப் போற்றுகின்றனர்.

இவ்வெற்றிகள் அவருடைய கனவைப் பெருக்கின. இந்தியாவுக்கு இருப்புப்பாதையினும் நீர்வழியே ஏற்றது என்று அவர் வாதாடினார்: ஒரே கால்வாய் வயலுக்கும் பாயும், படகையும் சுமக்கும். இக்கொள்கையை நம்பி 1858இல் இலண்டனில் ஒரு கம்பனி எழுந்தது. பத்து இலட்சம் பவுண் முதலுக்கு நூற்றுக்கு 5 வீத வட்டியை அரசாங்கமே உறுதி செய்தது. துங்கபத்திரையில் சுங்கேசுலா என்னுமிடத்தில் அணையிட்டு, கர்நூலிலிருந்து கடப்பை வரை ஏறத்தாழ 190 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினர். மதிப்பிட்ட பணம் போதவில்லை. 1871இல் கால்வாய் திறந்தது. எதிர்பார்த்த படகுகளும் வரவில்லை, நீரை வாங்க உழவரும் வரவில்லை.

கந்தளாய்க் குளத்தை நம்பி விதைக்கும் தம்பலகாமத்து விவசாயிக்கு வாய்க்கால் நீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண்ணோ மழையீரத்தைப் பலநாள் பிடித்து வைப்பது. அதிலே சோளமும் பருத்தியும் விளைத்துப் பழகியவன், வரி கொடுத்து நீர் பாய்ச்சுமுன் பலமுறை எண்ணிப் பார்ப்பான். காட்டன் ஆறுகளை நன்கறிந்தவர். இவ்வுழவனை அத்துணை அறிந்தவரென்று எனக்குத் தோன்றவில்லை. எனினும் 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது இதே கால்வாய் நீரைத் தேடி உழவர் திரண்டனர். மழை திரும்பியதும் அவர்களும் தம் பழைய வழக்கத்துக்குத் திரும்பினர்.

1878இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின்முன் முதியவர் காட்டன் தம் கொள்கைக்காக வாதாடினார். குழு அவர் பக்கம் சாயவில்லை. 1882இல் அரசாங்கம் கால்வாயை விலைக்கு வாங்கியது; கம்பனி மறைந்தது. அதன்பின்னும் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, 1899 ஜூலை 24ஆம் நாள், தம் தொண்ணூற்றாறாம் வயதில் காட்டன் காலமானார்.

கால்வாய் மட்டும் இருக்கிறது. கே.சி. கால்வாய் என்ற பெயருடன் கர்நூல், கடப்பை வயல்களுக்கு இன்றும் அது நீரளிக்கிறது. படகுகள் அதில் ஓடுவதில்லை.