வாழைப்பழ கெட்சப் தந்த வீராங்கனை: யார் இந்த மரியா ஒரோசா?

மணிலாவில் ஓர் உணவுத் திருவிழாவுக்குள் நுழைந்தால் கரி அடுப்பில் வாட்டும் இறைச்சியின் வாசனைதான் முதலில் இழுக்கும். பக்கத்துக் கடையில் ஆரஞ்சு நிற மாவில் தோய்த்துப் பொரித்த காடை முட்டை. இதற்குப் பெயர் குவெக் குவெக். அடுத்த கடையில் துரோன். வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் மெல்லிய மாவுத்தாளில் சுருட்டி, சர்க்கரை ஏறப் பொரித்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் உள்ளே இறைச்சி வைத்து விரல் நீளத்துக்குச் சுருட்டிய லும்பியா.

இந்த லும்பியாவுக்குத் தொட்டுக்க சிவப்பா, இனிப்பா ஒரு சாஸ் தருவாங்க. பார்த்தா தக்காளி சாஸ் மாதிரியே இருக்கும். ஆனா அது தக்காளி இல்லை, வாழைப்பழம்!

பிலிப்பைன்ஸ் சமையலறைகளில் வாழைப்பழ கெட்சப் இல்லாத வீடு அபூர்வம். ஆம்லெட், வறுத்த கோழி, ஹாட்டாக் துண்டுகள் போட்ட இனிப்பு ஸ்பகெட்டி என எல்லாவற்றுக்கும் அதுதான். கரி அடுப்பில் வாட்டும் இறைச்சியைப் பலர் ஊறவைப்பதும் அதில்தான். இந்த கெட்சப்பை உருவாக்கியவர் என்று அந்த நாடு சொல்வது மரியா ஒரோசா என்ற உணவு விஞ்ஞானியைத்தான். ஆனால், அவர் கதை கெட்சப்போடு முடிவதில்லை.

கப்பலேறிய மாணவி

பிலிப்பைன்ஸின் பத்தங்காஸ் மாகாணத்தில் தால் என்ற ஊரில் 1893-ல் பிறந்தவர் மரியா ஒரோசா. அவர் சிறுமியாக இருந்தபோதே ஸ்பெயினின் ஆட்சி போய் அமெரிக்காவின் ஆட்சி வந்துவிட்டது.

1916-ல் படிப்பதற்காக அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போனார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலும் உணவு வேதியியலும் படித்துப் பட்டங்கள் வாங்கினார். செலவுக்குப் பணம்? கோடை விடுமுறைகளில் அலாஸ்காவுக்குப் போய் மீன் டின்களில் அடைக்கும் ஆலைகளில் வேலை பார்த்தார். உணவைக் கெடாமல் டின்னில் அடைப்பது எப்படி என்பதை அங்கே கண்ணெதிரே பார்த்தார்.

படிப்பு முடிந்ததும் வாஷிங்டன் மாநில அரசில் உதவி வேதியியலாளர் வேலை அவரைத் தேடி வந்தது. ஆசியாவிலிருந்து போன ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் லேசில் கிடைக்கிற வாய்ப்பு இல்லை அது. ஆனாலும் வேண்டாம்னு சொல்லிட்டு 1922-ல் ஊர் திரும்பிவிட்டார்.

ஏன் வாழைப்பழம்?

ஊரில் அவர் பார்த்த பிரச்சினை இதுதான். தோட்டத்தில் பழம் அழுகிக் கிடக்கும். கடையில் வெளிநாட்டு டின் உணவு விற்கும். விளைகிற நாடு, வாங்கித் தின்கிற நாடாக இருந்தது.

அரசின் அறிவியல் துறையில் சேர்ந்த ஒரோசா, உள்ளூரில் கிடைப்பதைக் கெடாமல் பதப்படுத்தும் ஆய்வில் இறங்கினார். தக்காளி கெட்சப் அமெரிக்கர்கள் பழக்கிவிட்ட ருசி. ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்தத் தீவுகளில் தக்காளி வளர்ப்பது சிரமம். வாழையோ எங்கு பார்த்தாலும் விளையும். சமையலுக்குப் பயன்படும் சாபா என்ற பருமனான வாழையை மசித்து வினிகர், சர்க்கரை, மசாலா சேர்த்ததில் பிறந்ததுதான் அந்த கெட்சப். இயல்பில் அதன் நிறம் பழுப்பு. தக்காளி சாஸ் போலத் தெரியட்டும் என்றுதான் சிவப்பு நிறம் சேர்க்கிறார்கள். பின்னாளில் மக்டாலோ பிரான்சிஸ்கோ என்ற தொழில்முனைவர் பெரிய அளவில் தயாரித்து விற்க, போர்க்காலத் தக்காளித் தட்டுப்பாட்டில் அது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

கிராமத்துக்குப் போன விஞ்ஞானி

ஆய்வகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மின்சாரமே இல்லாத வீட்டில் ரொட்டியும் கேக்கும் சுடுவது எப்படி? அதற்கு பாலயோக் எனப்படும் மண்பானையையே அவனாக மாற்றிக் காட்டினார். கிராமங்களில் சங்கங்கள் அமைத்து, பழங்களைப் பதப்படுத்துவது, கோழி வளர்ப்பது, சத்தான சாப்பாட்டைத் திட்டமிடுவது ஆகியவற்றைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் உருவாக்கிய சமையல் குறிப்புகள் மட்டும் 700-க்கு மேல்.

அரிசியை வெள்ளை வெளேர்னு தீட்டிச் சாப்பிட்ட நாடுகளில் அப்போது பெரிபெரி என்ற நோய் பலரைக் கொன்றுகொண்டிருந்தது. வைட்டமின் பி1 குறைவதால் வரும் நோய் அது. அந்த வைட்டமின் இருப்பது நாம் தள்ளிவிடுகிற தவிட்டில். ஒரோசா அந்தத் தவிட்டைக் கொண்டே பிஸ்கட் செய்தார். பெயர் தராக். சோயாவிலிருந்து புரதம் மிகுந்த ஒரு மாவும் தயாரித்தார். அதன் பெயர் சோயாலக்.

மூங்கிலுக்குள் உயிர்

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மணிலாவைப் பிடித்தது. சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகம் அமெரிக்கர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான வெளிநாட்டினரை அடைத்துவைக்கும் முகாம் ஆனது. உள்ளே பசி, நோய், மரணம்.

ஒரோசா ஜப்பானியரை எதிர்த்த மார்கிங் கெரில்லா படையில் சேர்ந்தார். கேப்டன் பதவியும் கிடைத்தது. ஆனால் அவர் எடுத்த ஆயுதம் உணவு. சோயாலக்கும் தராக்கும் மூங்கில் குழல்களுக்குள் அடைக்கப்பட்டு, வேலைக்குப் போகும் தச்சர்கள் வழியாக முகாமுக்குள் ரகசியமாகப் போயின. போர்க்கைதிகள் முகாம்களுக்கும் போயின. சில கரண்டி மாவு ஒரு கைதியைச் சாவிலிருந்து தள்ளி நிறுத்தியது. பிடிபட்டிருந்தால் அனுப்பியவருக்கும் கொண்டுபோனவருக்கும் மரணம்தான்.

கடைசி நாள்

1945 பிப்ரவரியில் நகரை மீட்க அமெரிக்கப் படை வந்தது. ஒரு மாதம் தெருத்தெருவாகப் போர். சுமார் 1 லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். ஊரை விட்டுப் போய்விடும்படி குடும்பத்தினரும் நண்பர்களும் கெஞ்சினார்கள். வேலையிடத்தை விட்டு வரமாட்டேன் என்று ஒரோசா மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 13 அன்று அலுவலகத்தில் இருந்தபோது குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. இன்னொரு சிதறல் அவர் உயிரைப் பறித்தது. யாரை மீட்க உணவு அனுப்பினாரோ, அவர்களின் படை நடத்திய பீரங்கித் தாக்குதலில்தான் இது நடந்தது. வயது 51. இறந்த பலரோடு சேர்த்து அவரையும் புதைத்தார்கள். இடம் எதுவென்று தெரியாமலே போனது.

இன்று?

மணிலாவில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. 2019-ல் அவர் பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டது. 2020-ல், 75 ஆண்டுகள் கழித்து, மலாத்தே பகுதியில் ஒரு பள்ளி வளாகத்தில் அவர் பெயர் பொறித்த கல் கிடைத்தது.

அந்தத் திருவிழாக் கடைகளில் லும்பியாவை கெட்சப்பில் தொட்டுச் சாப்பிடும் பலருக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். ஆனால், தோட்டத்தில் விளைந்ததை வீணாக்காமல் நம் மக்களே சாப்பிட வேண்டும் என்று அவர் நினைத்தது அங்கே தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த முறை எங்காவது பிலிப்பைன்ஸ் கடையில் அந்தச் சிவப்பு பாட்டிலைப் பார்த்தால், கொஞ்சம் ருசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மரியா ஒரோசா பற்றியும் சொல்லுங்கள்.