நாகூர் நாயகம்

வடபுலத்தில் பிறந்து தென்கடலோரத்தில் அடங்கி, ஆண்டுதோறும் தமிழ் மக்களை ஒருங்குகூட்டும் பெரியார் நாகூர் சாகுல் ஹமீது காதிர் வலி. பக்தாத்து ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் வழித்தோன்றல். இன்றைய உத்தரப்பிரதேசத்து மாணிக்கப்பூரில் ஹசன் குத்தூஸ், பாத்திமா இணையருக்குத் தோன்றியவர் என்பது மரபு.

இளமையிலேயே இல்லம் நீங்கிக் குவாலியர் சென்று, முகம்மது கௌது என்னும் ஆசானிடம் ஞானநெறி பயின்றார். மக்கா யாத்திரைக்குப்பின் 404 சீடர்களுடன் தென்திசை நடந்தார். மனையறம் மேற்கொள்ளாத அவர், யூசுபு என்னும் இளைஞரை மகனாக ஏற்றார்.

அக்காலத்தே தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் தீராநோயால் வாடினார். ஊசிகள் தைக்கப்பெற்ற புறாவொன்றைக் கண்டெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகக் களைந்து பறக்கவிடவே, மன்னர் நலமுற்றார் என்பர். இதனை வரலாறாகக் கொள்வதா, கதையாகக் கொள்வதா என்பது ஆய்வாளர் வினா. வாயற்ற உயிரின் வலி களைந்தால் மன்னனின் வலியும் நீங்கும் என்று மக்கள் நம்பினர் என்பதோ ஐயமற்ற உண்மை. தர்காவில் புறா பறக்கவிடும் வழக்கம் இதன் நினைவேயாகும். செல்வம் வேண்டாது கடலோரத்தில் இடம் மட்டும் பெற்ற அவர், வாஞ்சூரில் 40 நாள் தனித்திருந்து தவமியற்றினார். ஹிஜ்ரி 978, கி.பி. 1570இல் நாகூரில் மறைந்தார்.

அவர் நினைவு நாளே கந்தூரி. உணவு பரிமாறும் விரிப்பைக் குறித்த பாரசீகச் சொல் விழாவின் பெயராயிற்று. ஜமாதுல் ஆகிர் முதல் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி 14 நாள் நடைபெறும் இவ்விழாவில், பத்தாம் பிறையையொட்டி நாகப்பட்டினத்திலிருந்து சந்தனம் ஊர்வலமாக வந்து அடக்கத்தலத்தில் பூசப்பெறும். சேர்வராயன் மலைச் சந்தனத்தின் மணமறிந்த சேலத்தார்க்கு, அம்மரம் இழைந்து தேய்ந்தே மணப்பது புதிதன்று.

ஐந்து மினாராக்களுள் 131 அடி உயர்ந்ததை எழுப்பியவர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். நாகூர்ப் புராணம் பாடியவர் குலாம் காதிறு நாவலர். கடல் கடந்த தமிழர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரால் நினைவிடங்கள் எழுப்பினர்.

உடைமை ஏதுமின்றி வந்தவர்க்குப் பிற சமயத்து அரசர் கோபுரம் எடுத்தார். புலவர் காப்பியம் தந்தார். பெயரறியாத எளியோர் முடி காணிக்கை தருகின்றனர். சமயங்களுக்கிடையே சுவர் எழுப்பும் குரல்கள் ஓங்கும்போதெல்லாம், சாதிசமய வேற்றுமையின்றி அனைவரும் அமர்ந்துண்ட அந்த உணவு விரிப்பைக் கவிஞர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம்.