பிரேக்கை விட்டதும் ஆட்டோமேட்டிக் கார் தானாக நகர்வது எப்படி? கப்பலுக்காக யோசித்த ஹெர்மான் ஃபோட்டிங்கரின் கதை

கருங்கல் ஜங்ஷனில் மாலை நேர நெரிசல். முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, குறுக்கே டூவீலர். ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர் பிரேக்கில் இருந்து காலை லேசாக எடுத்தாலே போதும், வண்டி நடக்கிற வேகத்தில் நகரும். மறுபடி மிதித்தால் நிற்கும், ஆனால் இன்ஜின் ஆஃப் ஆகாது. இந்த வசதிக்கு அடித்தளம் போட்டவர் கார் கம்பெனிக்காரர் இல்லை. கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஜெர்மன் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர்.

யார் இவர்?

1877 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். மியூனிக்கில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தார். 1899-ல் ஸ்டெட்டின் நகரில் இருந்த வல்கன் கப்பல் கட்டும் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது.

என்ன சிக்கல்?

அப்போது கப்பல்களுக்கு நீராவி டர்பைன் புதிதாக வந்திருந்தது. டர்பைன் படுவேகமாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் கப்பலை நன்றாகத் தள்ளும். இரண்டையும் நேராக இணைத்தால் ஏதாவது ஒன்று வீணாகும். அவ்வளவு பெரிய சக்தியைத் தாங்கும் பல்சக்கரங்களைத் துல்லியமாகச் செய்வதும் அன்றைக்குப் பெரிய சவால்.

ஃபோட்டிங்கர் முதலில் மின்சாரம் மூலம் சக்தியைக் கடத்த யோசித்தார். அதற்கான இயந்திரங்களின் எடை அதிகம். பிறகு ஒரு பம்ப் தண்ணீரைத் தள்ள, அந்தத் தண்ணீர் இன்னொரு சக்கரத்தைச் சுற்றட்டும் என்று யோசித்தார். இடையில் இருக்கும் குழாய்களில்தான் சக்தி நிறைய வீணானது. அப்படியானால் குழாயே எதற்கு? பம்பையும் சக்கரத்தையும் எதிரெதிராக ஒரே கூட்டுக்குள் வைத்தார். 1905-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா? அதே கதைதான். காற்றுக்குப் பதில் திரவம்.

கப்பலில் தோல்வி, பஸ்ஸில் வெற்றி

இந்தக் கருவியுடன் கப்பல்களும் ஓடின. ஆனால் கடத்தும் சக்தியில் கொஞ்சம் திரவத்திலேயே வீணாகி வெப்பமானது. சில ஆண்டுகளிலேயே துல்லியமான பல்சக்கரங்கள் வந்துவிட, கப்பல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. 1909-ல் டான்சிக் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரான ஃபோட்டிங்கர், 1924-ல் பெர்லினுக்கு மாறினார். திரவ ஓட்டம் பற்றிய ஆய்வுதான் அதன்பின் அவர் வாழ்க்கை.

கப்பலில் குறையாக இருந்த அந்த வழுக்கல், சாலையில் வரமானது. லண்டன் பஸ்கள் கிளம்பும்போது வரும் குலுக்கலைக் குறைக்க இன்ஜினியர் ஹரால்ட் சின்க்ளேர் இதே தத்துவத்தைக் கையில் எடுத்தார். 1930-ல் பிரிட்டனின் டெய்ம்லர் கார்களில் இது வந்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முழு ஆட்டோமேட்டிக் கியருடன் இணைந்தது.

1945 ஏப்ரல் 28. பெர்லினுக்குள் சோவியத் படைகள் சண்டையிட்டுக் கொண்டிருந்த நேரம். அந்த நகரத்திலேயே ஃபோட்டிங்கர் உயிரிழந்தார். வயது 68. ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் டார்க் கன்வெர்ட்டர் பொருத்திய கார்களை விற்கத் தொடங்கியது 1948-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

உங்கள் காரில் எப்படி வேலை செய்கிறது?

டார்க் கன்வெர்ட்டருக்குள் மூன்று சக்கரங்கள். ஒன்றை இன்ஜின் சுற்றும். அது தள்ளும் ஆயில் இரண்டாவதைச் சுற்றும், அதுதான் கியர் பாக்ஸ் பக்கம். நடுவில் இருக்கும் மூன்றாவது, திரும்பி வரும் ஆயிலைச் சரியான திசைக்குத் திருப்பிவிடும். இதனால் வண்டி கிளம்பும்போது இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கூடும். பிரேக்கில் நிற்கும்போது ஆயில் வழுக்கிக் கொடுப்பதால் இன்ஜின் திணறி நிற்பதில்லை.

மெதுவாகப் போகும்போது குலுங்கினால்?

முதலில் ஐடிலிங் வேகத்தைப் பார்க்கணும். அது அதிகமாக இருந்தால் 'டி'-க்கு மாற்றும்போதே வண்டி உதைக்கும். த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலும் ஐடிலிங் ஏறி இறங்கும். அடுத்தது கியர் பாக்ஸ் ஆயில். பழசானாலோ, கம்பெனி சொன்ன வகை இல்லாமல் வேறு ஊற்றினாலோ கியர் மாறுவது முரட்டுத்தனமாகிடும். இன்ஜின் மவுண்ட் தேய்ந்திருந்தாலும் அதிர்வு தெரியும். இவை சரியான பிறகே ஸ்கேனர் மாட்டி கியர் கம்ப்யூட்டரின் பழைய பதிவுகளை மாற்ற வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு சாஃப்ட்வேரை மட்டும் தொட்டால் காசு போகும், குலுக்கல் போகாது.

ஏஎம்டி கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்தியாவில் 2014-ல் மாருதி செலிரியோவுடன் வந்த இந்த வகையில் ஃபோட்டிங்கரின் ஆயில் சக்கரங்கள் கிடையாது. சாதாரண கிளட்ச்தான், காலுக்குப் பதில் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ அதை இயக்கும். அதனால் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் தேய்ந்துடும். பிரேக்கில் நில்லுங்கள். முன்னால் இருக்கும் வண்டி கொஞ்சம் தூரம் போனதும் ஒரே மூச்சில் நகருங்கள்.