தமனியைத் தைத்தவர்

கைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருந்தமனி காறையெலும்பின் அடியில் ஓடுகிறது. அதனுள் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? துணி துவைத்தால் கை கடுக்கும்; அந்தக் கையில் நாடி மெலிந்திருக்கும். இன்று பலருக்கு வலைக்குழாய் செருகி அடைப்பை விரிக்கிறார்கள். அது இயலாதபோது கழுத்துத் தமனியிலிருந்து அடைப்புக்கு அப்பால் ஒரு மாற்றுக்குழாயைத் தைத்துவிடுகிறார்கள். வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்தில் வேறொன்று வெட்டுவதில்லையா, அதுபோல. அந்தத் தையலுக்கு வழி வகுத்தவர் அலெக்சிஸ் காரெல் என்னும் பிரெஞ்சுக்காரர்.

காரெல் 1873இல் லியோன் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். லியோன் பட்டுக்குப் பேர்போனது. நம் காஞ்சிபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வயதில் தந்தையை இழந்தார். 1894 சூன் 24 அன்று குடியரசுத் தலைவர் கார்னோவை அந்நகரில் ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டது. அதைத் தைக்க வழியின்றித் தலைவர் மாண்டார். அப்போது மருத்துவ மாணவராயிருந்த காரெலை அச்சாவு உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் யாரிடம் போனார் தெரியுமா? பூத்தையல் வேலை செய்யும் லெருதியே அம்மையாரிடம்! மெல்லிய ஊசியைப் பிடிக்கும் பக்குவத்தை அங்கே கற்றார். நான் குடியிருக்கும் தொம்மலூரில் இரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர்களைக் கவனித்திருக்கிறேன். எத்தனை முறை ஊசி ஏறினாலும் துணி சுருங்குவதில்லை. காரெல் தேடியதும் அதுவே. தையல் சுருங்கினால் குழாய் குறுகும். குறுகினால் குருதி உறையும். 1902இல் தம் முறையை வெளியிட்டார். குழாய் விளிம்பில் சம தூரத்தில் மூன்று நூல்களைக் கோத்து இழுத்தால் வட்டம் முக்கோணமாகும். பிறகென்ன, மூன்று நேர்க்கோடுகளைத் தைப்பதுதானே!

1904இல் கடல் கடந்தார். சிக்காகோவில் கத்ரி என்பவரோடு சேர்ந்து விலங்குகளின் தமனியில் சிரைத் துண்டை ஒட்டுப்போட்டார். 1908இல் நியூயார்க்கில், குருதி கசிந்து சாகக் கிடந்த பச்சிளங் குழந்தையின் கால் சிரையோடு தந்தையின் கைத்தமனியை இணைத்தார். குழந்தை பிழைத்தது. 1912இல் நோபல் பரிசு வந்தது. ஆயினும் மனிதருக்கு மாற்றுப்பாதை அமைக்க, குருதி உறையாமல் காக்கும் ஹெப்பாரின் வரவேண்டியிருந்தது. 1948இல் பாரிசில் குன்லின் நோயாளியின் சொந்தச் சிரையைக் கொண்டே காலில் அதைச் செய்தார். கைக்கான முறை அதன்பின் வந்தது.

காரெல் அதைக் காணவில்லை. மறைக்காமல் மற்றொன்றும் சொல்லவேண்டும். 1935இல் அவர் எழுதிய நூல் மனிதரைத் தக்கோர், தகாதோர் என்று பிரித்தது. கொடுங்குற்றவாளிகளை வாயுவால் கொல்லலாம் என்றது. பிழைப்புக்கும் படிப்புக்கும் வேற்றூர் வந்த நமக்கு, மனிதரைத் தரம் பிரிக்கும் பேச்சு புதிதா என்ன? தமக்குத் தையல் கற்பித்த கையை அவர் எந்தத் தட்டில் வைத்தாரோ! ஜெர்மானியருக்குப் பணிந்த விசி அரசின் கீழ் ஒரு நிறுவனத்தை நடத்தி, அந்தப் பழியோடு 1944 நவம்பரில் இறந்தார். லியோன் மருத்துவக் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருந்தது, 1996இல் நீக்கினார்கள். நீக்கியது சரி என்றே நான் நினைக்கிறேன்.