லூயிஸ் பாஸ்டரும் கோழிகளும்

பிரான்ஸ் நாட்டின் டோல் நகரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் லூயிஸ் பாஸ்டர் பிறந்தார். அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர். வேதியியல் கற்றுப் பேராசிரியரான பாஸ்டர், பால் புளிப்பதற்கும் பழச்சாறு நொதிப்பதற்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று மெய்ப்பித்தார். நோய்களுக்கும் அவையே காரணம் என நம்பினார்.

அவருடைய ஐந்து பிள்ளைகளுள் மூவர் இளம் வயதிலேயே இறந்தனர். அவர்களுள் இருவர் டைபாய்டு காய்ச்சலுக்குப் பலியாயினர். 1868இல் பாஸ்டரைப் பக்கவாதம் தாக்கியது. உடலின் இடப்பக்கம் செயல் குன்றியது. அப்போது அவருக்கு வயது 45. எனினும், அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

அக்காலத்தில் கோழிக் காலரா என்னும் நோய் பண்ணைக் கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1879இல் பாஸ்டர் அந்நோயின் கிருமியைக் கோழி இறைச்சிச் சாற்றில் வளர்த்து ஆராய்ந்தார். புதிதாக வளர்த்த கிருமியைச் செலுத்தியதும் கோழிகள் விரைவில் மடிந்தன. நெடுநாள் காற்றுப்பட வைத்திருந்த கிருமியைச் செலுத்தியபோதோ, அவை சற்று நோயுற்றுப் பின் தேறின. தேறிய கோழிகளுக்கு மீண்டும் வீரியமிக்க கிருமி செலுத்தப்பட்டது. அவை பிழைத்தன, முதன்முறையாக அக்கிருமியைப் பெற்ற வேறு கோழிகள் மடிந்தன. 1880இல் பாஸ்டர் இதனைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவித்தார்.

முதலில் நுழைந்த கிருமி உடலிலுள்ள சத்தைத் தின்று தீர்ப்பதால், அடுத்து வரும் கிருமி வளர்வதில்லை என்று பாஸ்டர் கருதினார். அவ்விளக்கம் சரியன்று. வெள்ளை அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள்களை உருவாக்குகின்றன. அவற்றுள் சில அதனை நினைவில் வைத்து, அது மீண்டும் வந்தால் விரைந்து எதிர்க்கின்றன. இவ்வுண்மை பின்னரே தெரிய வந்தது.

1885 ஜூலையில், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மீஸ்டரை அவன் தாய் பாஸ்டரிடம் அழைத்து வந்தார். வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தின் ஆய்வு அப்போது நிறைவு பெற்றிருக்கவில்லை. பாஸ்டர் மருத்துவரும் அல்லர். மருந்து கொடுத்துச் சிறுவன் இறந்தால் பழி அவர்மேல் விழும். கொடாமல் விட்டு நோய் தோன்றினால் அவனைக் காப்பாற்ற வழியே இல்லை. மருத்துவர்கள் இருவருடன் கலந்து பேசியபின், ஊசி போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான்.

1895 செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். அவர் ஆராய்ந்த கோழிக் காலரா பாக்டீரியாவால் வருவது. இன்று கோழி வளர்ப்போர் அஞ்சும் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் நியூகாசல் நோயோ வைரஸால் வருவது. ஊசி போடவும் மருந்தைக் குளிரில் வைக்கவும் வசதியில்லாத கம்பங்களில் இந்நோயைத் தடுப்பது கடினமாக இருந்தது. 1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினர். நோய் உண்டாக்கும் வீரியமற்ற வைரஸைக் கொண்ட அம்மருந்தைத் தீவனத்தில் கலந்தே கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கலாம். நலிந்த கிருமி வலிய நோயைத் தடுக்கும் என்று பாஸ்டரின் கோழிகள் அன்று காட்டிய உண்மையே இதற்கும் அடிப்படை.