மருத்துவ அன்னை ஐடா ஸ்கடர்

ஓர் ஊரில் மருத்துவமனை ஒன்று நிலைபெற வேண்டுமாயின், அதற்கு வேண்டுவன யாவை? கட்டடம் வேண்டும், கருவிகள் வேண்டும், மருந்துகள் வேண்டும், கற்றுத் தேர்ந்த மருத்துவர் வேண்டும். இவையனைத்தும் அமைந்திருந்தும் ஊராரது நம்பிக்கை இல்லையாயின், அம்மருத்துவமனை நீரில்லாத குளத்தையே ஒக்கும். ஊரார் மனமொன்றி உடன் நிற்பாராயின், ஒரே படுக்கை இடப்பெற்ற சிற்றறையும் நாளடைவில் பெருமருத்துவமனையாக வளர்ந்தோங்கும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கிக் காட்டியவர், வேலூரில் வாழ்ந்து புகழ் பெற்ற ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவர்.

பிறப்பும் இளமையும்

ஐடா அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், பாலாற்றங்கரையில் உள்ள இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவினின்று கடல் கடந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியவர். பின்னர்த் தமிழகத்திலும் அப்பணியை ஆற்றியவர். தந்தையாரும் மருத்துவரே. தந்தையின் பெயரும் ஜான் என்பதே. மக்களும் பேரன்மாரும் வழிவழியாக இந்நாட்டில் சமயப் பணியும் மருத்துவப் பணியும் புரிந்து வந்த குடும்பம் அது.

ஐடா சிறுமியாக இருந்தபொழுது, தாது ஆண்டுப் பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பசியால் வாடி வந்த குழந்தைகளுக்கு அவர்தம் இல்லத்தில் உணவளிக்கப்பட்டது. கையில் இட்ட உணவை எடுத்து உண்ணவும் வலியற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில், தம் சிறு கையாலேயே உணவை ஊட்டும் பணி அச்சிறுமிக்கு வாய்த்தது. அக்காட்சிகள் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தன. ஆயினும் அவை அவரை இந்நாட்டின்பால் ஈர்க்கவில்லை. மாறாக, அஞ்சி விலகவே செய்தன. அமெரிக்கா சென்று கல்வி பயின்ற அவர், துன்பம் மலிந்த இந்நாட்டிற்குத் திரும்புதல் கூடாது என்றும், அங்கேயே இன்பமாக வாழ்தல் வேண்டும் என்றும் எண்ணியிருந்தார்.

வாழ்வை மாற்றிய இரவு

1890-ஆம் ஆண்டில் அன்னையார் நோயுற்றமையால், அவருக்குத் துணையாயிருக்கும் பொருட்டு ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். அன்னையார் உடல்நலம் பெற்றவுடன் அமெரிக்கா திரும்பிவிடுவதே அவர் கருத்து. ஆனால், ஓர் இரவு அவர் கருத்தை அடியோடு மாற்றியது.

அவ்விரவில் அந்தண இளைஞர் ஒருவர் அவர்தம் இல்லத்திற்கு விரைந்து வந்தார். தம் இளமனைவி மகப்பேற்றுத் துன்பத்தால் உயிருக்குப் போராடுவதாகக் கூறி, ஐடாவை உடன் வருமாறு வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா விடையிறுத்தார். பிற ஆடவர் தம் மனைவியைப் பார்த்தல் தம் குல வழக்கிற்கு ஒவ்வாது என்று கூறி, அவ்விளைஞர் துயருடன் திரும்பினார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். ஆடவர் மருத்துவம் செய்தலை அவரும் ஏற்கவில்லை. அவருக்குப் பின் மற்றோர் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். இம்மூவரும் சமயத்தாலும் குலத்தாலும் வேறுபட்டவர்; ஆயினும் துன்பம் மூவர்க்கும் ஒன்றே.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது புலர்ந்ததும் ஊர்த் தெருவில் சாப்பறை ஒலித்தது. ஆளனுப்பி உசாவியபொழுது, அம்மூன்று பெண்களும் இறந்துபட்டனர் என்ற செய்தி கிடைத்தது. மருத்துவர் அருகில் இருந்தும் மூன்று உயிர்கள் மாய்ந்தன. ஊரார் ஏற்கும் வகையில் அமையாத மருத்துவம், இருந்தும் இல்லாததே என்பதை அவர் உணர்ந்தார். பெண்கள் நம்பி வருதற்குரிய பெண் மருத்துவராகத் தாமே ஆதல் வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டார்.

கல்வியும் கொடையும்

1895-இல் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த அவர், பின்னர் நியூயார்க்கு நகரில் இருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். தாய்நாடு போல் தாம் கருதத் தொடங்கிய தமிழகத்திற்குத் திரும்புமுன், வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுப்பப் பொருள் திரட்ட முயன்றார். அதன்பொருட்டு நியூயார்க்கில் ஓர் அம்மையாரைக் கண்டு பேசிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்த முதியவர் ஒருவர் அப்பேச்சைக் கேட்டார். அவர் இராபர்ட் ஷெல் என்னும் வங்கியாளர். ஐடா கூறிய மூன்று பெண்களின் துயரக் கதை அவர் உள்ளத்தை உருக்கியது. மறைந்த தம் மனைவியார் மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலரை அவர் மனமுவந்து அளித்தார்.

சிற்றறையில் தொடங்கிய பெரும்பணி

1900-ஆம் ஆண்டில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அவருடைய தந்தையார் மறைந்தார். வழிகாட்ட வேண்டியவர் மறைந்தமையால், அப்பெரும்பணியை அவர் தனித்தே சுமக்க நேர்ந்தது. கட்டடம் எழும்வரை காத்திராமல், தாம் தங்கியிருந்த மனையிலேயே ஒரு சிற்றறையில் ஒரே படுக்கையுடன் மருத்துவம் செய்யத் தொடங்கினார்.

தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். இளம்பெண் ஒருவர் மருத்துவம் செய்வதா என்று ஐயுற்றனர். வந்த சிலர் நலம் பெற்றுச் சென்று பிறர்க்குக் கூற, அவர் சொற்கேட்டு மற்றவரும் வந்தனர். நோய் தீர்ந்த தாய் ஒருத்தி தன் தெருவாரிடம் கூறும் சொல்லினும் வலிய விளம்பரம் வேறில்லை அன்றோ? முதல் ஈராண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அவரை நாடி வந்தனர். பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் அந்நாளில் அவருக்குத் துணையாக இல்லை. சலோமி என்னும் உள்ளூர்ப் பெண்மணியே அவருடன் நின்று உதவினார். அறுவை மருத்துவத்தின் பொழுதும் அவரே கைத்துணை. ஊரார் உதவி என்பது, இவ்வாறு ஒரு பெண்ணின் இரு கைகளாகவே முதன்முதல் அம்மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது.

1902-இல் 40 படுக்கைகளைக் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் திறக்கப்பெற்றது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த கொடையும், பாலாற்றங்கரை மக்களின் நம்பிக்கையும் அங்கே ஒன்று கூடின.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனை அமைந்தும் ஐடாவின் மனம் அமைதி பெறவில்லை. நகருக்கு வர இயலாத ஏழைத் தாயரும் குழந்தைகளும் சிற்றூர்களில் எண்ணற்றோர் இருந்தனர். கூலி வேலையை ஒருநாள் விடுத்தால் அன்றைய உணவுக்கு வழியற்ற குடும்பங்கள் அவை. அவர்கள் மருத்துவமனைக்கு வாராராயின், மருத்துவமனையே அவர்களிடம் செல்லுதல் வேண்டும் என்று அவர் கருதினார்.

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் நெடுஞ்சாலை 20 மைலுக்கு மேற்பட்டது. அவ்வழியே அவர் வாரந்தோறும் வண்டியிற் சென்று வருவாராயினர். அவர் வருநாளை அறிந்த சிற்றூர் மக்கள், சாலையோரத்து மரநிழலில் வந்து கூடினர். வண்டி நிற்கும், மருந்துப் பெட்டி திறக்கப்படும், மரத்தடியே மருத்துவமனையாகும். கண்ணோய் கொண்ட குழந்தைகள், ஆறாப் புண்ணுற்றோர், காய்ச்சலால் நடுங்குவோர் ஆகியோர் வரிசையாக மருந்து பெற்றுச் செல்வர். மரத்தடியில் தீர்க்கவியலாத நோயினர் வேலூருக்கு அழைத்துச் செல்லப்படுவர்.

1909-இல் பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. மாடும் குதிரையும் பூட்டாமல் இரைச்சலுடன் ஓடிவந்த அவ்வண்டியைக் கண்டு, பேய் வருகின்றது என்று மக்கள் அஞ்சி ஓடினராம். சின்னாளில் அவ்வச்சம் நீங்கியது. அதன் ஒலி கேட்டதும் குழந்தைகளை இடுப்பில் ஏந்தித் தாயர் சாலைக்கு விரைந்தனர்.

இச்சாலையோர மருத்துவத்தில் நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மருந்து அம்மையாருடையது, ஆனால் அம்மருந்து உரியவரைச் சென்றடைந்தது ஊராரால். குறித்த நாளை நினைவூட்டியவர் அண்டை வீட்டார். நடக்கவியலாதவரைச் சுமந்து வந்தவர் உறவினர். சென்ற வாரம் கொடுத்த மருந்தை முறைப்படி ஊட்டியவர் தாயர். இவர்களுள் எவர் தவறினும் மருத்துவரின் உழைப்பு வீணாகும்.

பெண்கள் மருத்துவக் கல்லூரி

தாம் ஒருவர் எத்துணைக் காலம் உழைப்பினும், இந்நாட்டுப் பெண்களின் துயர் முற்றும் தீராது என்பதை ஐடா நன்கு உணர்ந்தார். இந்நாட்டுப் பெண்களே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆதல் வேண்டும் என விழைந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினார். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்று எள்ளினர் சிலர். வந்த விண்ணப்பங்களோ 151. தம் மகளிரை வீட்டின் எல்லை கடந்து கற்க அனுப்பத் துணிந்த பெற்றோரின் மனமும் ஒரு கொடையே அன்றோ? முதல் அணியைச் சேர்ந்த 14 மாணவியர் 1922-இல் படிப்பை நிறைவு செய்து மருத்துவராயினர்.

பணி விரிய விரியப் பொருளும் பெருகுதல் வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பெண்மணிகள் பலர் ஊர்தோறும் சங்கங்கள் கூட்டிச் சிறுசிறு தொகையாகத் திரட்டி உதவினர். 1928-இல் காந்தியடிகள் இம்மருத்துவப் பள்ளிக்கு வருகை புரிந்தார். அவ்வாண்டிலேயே, வேலூரை அடுத்த பாகாயத்தில் கல்லூரிக்கெனப் புதிய இடத்தில் பணி தொடங்கப்பெற்றது.

பின்னர் ஒரு பெரிய சோதனை நேர்ந்தது. மருத்துவக் கல்வி முழுவதும் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாதல் வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்கு மிகுதியான படுக்கைகளும் பேராசிரியர்களும் பெரும் பொருளும் தேவைப்பட்டன. இல்லையேல் பள்ளியை மூடுதலன்றி வேறு வழியில்லை. எழுபது அகவை எய்திய நிலையிலும் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் வேண்டினார். கல்லூரி நிலைத்தற்கு ஆடவரையும் சேர்த்தல் வேண்டும் என்ற நிலை பிறந்தபொழுது, பெண்களுக்கென்றே பொருளளித்த நெடுநாளைய நண்பர் சிலர் மாறுபட்டனர். அப்பிரிவு அவருக்குப் பெருந்துயர் விளைத்தது. ஆயினும் நோயாளிகளின் நலனையே முன்வைத்து, அவர் அம்மாற்றத்திற்கு இசைந்தார். 1942-இல் பட்டப் படிப்புத் தொடங்கியது. 1947-இல் ஆடவரும் சேர்க்கப்பெற்றனர். தாம் வகித்த தலைமைப் பொறுப்பினின்று 1946-இல் ஐடா ஓய்வு பெற்றார். அவருக்குப்பின், இந்நாட்டுப் பெண்மணியாகிய மருத்துவர் ஹில்டா லாசரசு அப்பொறுப்பை ஏற்றார். மண்ணின் மக்களே பணியை நடத்துதல் வேண்டும் என்ற எண்ணம் அவ்வாறு கனிந்தது.

மறைவும் நிலைத்த புகழும்

அம்மையாரின் பெயரையும் இந்தியா என்ற சொல்லையும் மட்டும் தாங்கி, ஊர்ப் பெயரின்றி வந்த மடல் ஒன்று தவறாது அவர் கையை அடைந்தது என்பர். அத்துணைப் புகழ் பெற்றும் அவர் எளிமையையே விரும்பினார். 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தம் 89-ஆம் அகவையில், கோடைக்கானலில் அவர் இயற்கை எய்தினார். வேலூர் மக்கள் தம் குடும்பத்து மூதாட்டியை இழந்தாற்போலக் கலங்கினர்.

அவர் இட்ட வித்து இன்று ஆயிரக்கணக்கான படுக்கைகளைக் கொண்ட கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கின்றது. சாலையோர மரநிழலில் தோன்றிய நெறியும் மறையவில்லை. வேலூரை அடுத்த கீழ்வழித்துணையான்குப்பம் வட்டாரத்தில் 1977 முதல் நடைபெறும் ஊரக நலப் பணியில், அவ்வவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுத் தாய் சேய் நலம் பேணத் துணைபுரிந்துள்ளனர். ஊரார் நோயாளிகளாக மட்டும் நில்லாது, பணியாளராகவும் ஆகும்பொழுதே நலம் நிலைபெறுகின்றது.

தேர் பெரிதாயினும் வடம் பிடிக்கும் கைகள் இல்லையேல் அது நிலையினின்று அசையாது. ஐடா அம்மையார் தேரை அமைத்தார். செல்வர் ஒருவர் பொருள் தந்தார். சலோமி போன்றோர் கைகொடுத்தனர். பெற்றோர் தம் மகளிரைத் தந்தனர். சிற்றூர்த் தாயர் தம் நம்பிக்கையைத் தந்தனர். நம் ஊரிலும் நலவாழ்வு நிலையம் ஒன்று இருக்கலாம். அதன் இடத்தைத் தூய்மையாகக் காத்தலும், தடுப்பூசி இடும் நாளை அண்டை வீட்டார்க்கு அறிவித்தலும், முதியோரையும் குழந்தைகளையும் அங்கு அழைத்துச் செல்லுதலும் மாணவராகிய நம்மாலும் இயல்வனவே. அவ்வடத்தில் நாமும் கைவைத்து இழுத்தலே அவ்வன்னைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.